முதுகுக்குப் பின்னால் ஹோல்கர்

இரண்டாவது பாதிக்கு விசில் ஊதிவிட்டார்கள், நான் கோட்டோரம் வந்து நின்றுவிட்டேன், ஹோல்கர் பின்னால் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார், எல்லாம் வழக்கம் போலத்தான். மைதானத்துக்கு வெளியே எங்களுக்கென்று சுண்ணாம்பில் ஒரு கட்டம் போட்டு வைத்திருக்கிறார்கள், அந்தக் கட்டத்துக்குள் ஒரு நேரத்தில் ஒரே ஒரு ஆள்தான் எழுந்து நின்று பையன்களிடம் கத்தலாம், மற்றவர் உட்கார வேண்டும், அது ஆட்டத்தின் சட்டம். நான் தலைமைக் கோச், அவர் உதவிக் கோச், அதனால் நான் நிற்பேன், அவர் உட்காருவார். இரண்டு வருஷமாக இப்படித்தான். இதில் எனக்கு ஒரு குறையும் இருந்ததில்லை, உள்ளுக்குள் பெருமைகூட இருந்தது, ஜெர்மனியில் பெரிய பெரிய ஆட்டமெல்லாம் ஆடி முடித்த மனுஷன் எனக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறார் என்று. இன்றைக்குத்தான் முதல் தடவையாக முதுகு குறுகுறுக்கிறது. அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமென்றால் நான் திரும்ப வேண்டும், திரும்பினால் ஆட்டத்தைப் பார்க்க முடியாது. வெங்கிடுபதி மத்தியானம் என்னிடம் சொன்னதை அவரிடமும் சொல்லியிருப்பாரா? சொல்லியிருந்தால் இவர் என்ன பதில் சொன்னார்? திரும்பிப் பார்த்தேன். தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திருகிக்கொண்டிருந்தார். அறுபதை நெருங்கும் சிவந்த முகம், வெயிலில் தோல் உரிந்த மூக்கு, அவ்வளவுதான், அந்த முகத்தில் ஒரு நாளும் ஒன்றும் எழுதி ஒட்டியிருந்ததில்லை. "உமாபதி! ஏறிப் போகாத, நில்லு மக்கா!" என்று கத்தினேன், ஏதாவது கத்த வேண்டுமே என்பதற்காக.

வெங்கிடுபதி எங்கள் நொய்யல் எஃப்.சி.யின் செயலாளர். கெட்ட மனிதர் இல்லை, கெட்ட சேதியைக்கூடச் சாப்பாடு போட்டுத்தான் சொல்வார். மத்தியானம் எனக்கு எதிரில் உட்கார்ந்து, "இன்னுங் கொஞ்சம் ரசம் ஊத்திக்கோங்க பெர்க்மான்ஸ் மாஸ்டர்" என்றார், நான் ஊற்றிக்கொண்டேன், ரசம் இலையில் ஓடிக்கொண்டிருக்கும்போதே, "தப்பா எடுத்துக்காதீங்க, பெரியவரு ஒரே முடிவா இருக்காருங்க. இன்னைக்குத் தோக்கக் கூடாதுங்க. தோத்துட்டா, திங்கக்கெழமைல இருந்து ஹோல்கர் சாரை முன்னாடி நிக்க வெச்சுப் பாக்கலாம்னு சொல்றாருங்க" என்றார். பெரியவர் என்பது மில் முதலாளி, கிளப்புக்குச் சொந்தக்காரர். டிரா ஆனால் என்று கேட்டேன். "டிரா ஆனா பாயிண்ட்டு வருதுல்லீங்க, அப்புறம் நான் பேசிக்கறனுங்க" என்று அப்பளத்தை உடைத்தார். ஹோல்கரிடம் கேட்டாகிவிட்டதா என்ற கேள்வி என் நாக்கு நுனி வரை வந்தது. கேட்கவில்லை. கேட்டால் பதில் சொல்லிவிடுவாரே. எழுந்துபோய் கை கழுவுகிற இடத்தில் நின்று வீட்டுக்காரி புஷ்பறோஸுக்குப் போன் போட்டேன். நாகர்கோவிலில் ஸ்கூல் பி.டி. வாத்தியார் வேலையை விட்டுவிட்டு இங்கே கிளம்பியபோது ஒரு வாரம் என்னோடு பேசாமல் இருந்தவள், அப்புறம் மகளையும் கூட்டிக்கொண்டு பெட்டியோடு வந்து இறங்கியவள், இந்த ஜூனில்தான் பிள்ளையை இங்கே ஸ்கூலில் சேர்த்திருக்கிறோம். முழுக்கக் கேட்டுவிட்டு, "அந்த வெள்ளக்காரர்ட்ட நேரா கேக்க வேண்டியதுதான? ஒரு வார்த்தை கேட்டா நாக்கு தேஞ்சா போவும்?" என்றாள். அவளுக்கு ஹோல்கர் என்றால் உயிர். சாளை மீனை அவர் முள் எடுத்துத் தின்கிற அழகைப் பார்த்து, நம்ம ஊரு ஆளுவளுக்கே இப்படி வராது என்று தெருவெல்லாம் சொல்லி வைத்திருக்கிறாள். சாளை மீன் தின்னத் தெரிந்தவன் நாற்காலிக்கு ஆசைப்பட மாட்டான் என்று எந்த வேதத்திலும் எழுதவில்லை. போனை வைத்துவிட்டேன்.

எதிர் டீம் கேரளாக்காரர்களின் இடது பக்கத்துப் பையன் பந்தை வாங்கிக்கொண்டு வருகிறான், நம் ஆள் மூன்றடி தள்ளி நின்று வேடிக்கை பார்க்கிறான், கல்யாண ஊர்வலமா போகிறது. "ஒட்டுலேய், ஒட்டு!" ஆளைப் பிடிப்பது என்றால் என்னவென்று எத்தனை தடவை ஹோல்கர் இவனுக்குக் காட்டிக்கொடுத்திருப்பார். அவர் ஆடிய காலத்தில் ஜெர்மனியில் அது ஒரு தனி உத்தியோகம். எதிர் டீமில் யார் பேர்போன கோல்காரனோ அவன் பின்னாலேயே ஆட்டம் முடியும்வரை போக வேண்டும். ஓடினால் ஓடு, நின்றால் நில், தண்ணீர் குடிக்கப் போனால் நீயும் போய்க் குடி. அப்பா நிலக்கரிச் சுரங்கத்துக்காரர், மகனையும் சுரங்கத்தில்தான் இறக்கிவிட்டார், இவர் இரண்டு வருஷம் இறங்கிப் பார்த்துவிட்டு, கீழே வெளிச்சம் இல்லை, மேலே புல் இருந்தது என்று பந்து விளையாட வந்துவிட்டார். ஊர் டீம், அப்புறம் இரண்டாவது டிவிஷன், நடுவே சில வருஷம் முதல் டிவிஷன். எதிராளிக்குப் போட்ட கோலைவிடத் தனக்கே போட்டுக்கொண்ட கோல்தான் அதிகம் என்று அவரே சொல்லி வயிறு குலுங்கச் சிரிப்பார். ஒரு ஆட்டத்தில், அந்த நாட்டுக்கே செல்லப்பிள்ளையான ஒரு கோல்காரனைப் பிடிக்கச் சொன்னார்களாம், பிடித்தார், அவன் காலில் பந்து உருப்படியாகப் படவே இல்லை. மறுநாள் பேப்பரில் பக்கம் முழுக்க அந்தக் கோல்காரனுக்கு என்ன ஆயிற்று, காய்ச்சலா, காதல் தோல்வியா, என்று ஆராய்ச்சி. ஹோல்கர் பெயர் ஒரு வரியிலும் இல்லை. அந்தப் பக்கத்தைச் சட்டம் போட்டு வீட்டில் மாட்டியிருக்கிறார், போனில் படம் காட்டினார். வேலை சரியாக நடந்தால் பேர் வராது கோச் என்றார். நான் அன்றைக்கு ராத்திரி முழுக்க அதை நினைத்துக்கொண்டே கிடந்தேன். நான் ஒரு மாவட்ட ஆட்டத்தில் ஹெட் பண்ணிப் போட்ட கோலுக்கு வந்த துண்டுச் செய்தியில் என் பெயரைப் 'பெருமாள்' என்று போட்டுவிட்டார்கள் என்பதற்காக அந்தப் பேப்பர் ஆபீசுக்கே போய்ச் சண்டை போட்டவன். எங்கள் இரண்டு பேருக்கும் உள்ள தூரம் அவ்வளவுதான், ஆனால் அது பெரிய தூரம்.

பேர் வேண்டாம் என்று சொல்கிறவனைத்தான் நம்பக் கூடாது என்று எனக்குள்ளே ஒருவன் இப்போது சொல்கிறான், இவன் மத்தியானத்திலிருந்துதான் பேச ஆரம்பித்திருக்கிறான், ரசத்தோடு உள்ளே போனவன். காற்று வேறு பாலக்காட்டுப் பக்கமிருந்து தள்ளிக்கொண்டு வருகிறது, உயரத்தில் போகிற பந்தெல்லாம் எங்கள் கோல் பக்கம்தான் வளைகிறது. ரைனரின் கதை ஞாபகத்துக்கு வருகிறது, வரக் கூடாது என்று நினைத்தேன், வருகிறது. கோழிக்கோட்டுக்கு ஆட்டத்துக்குப் போகிற பஸ்ஸில், பையன்களெல்லாம் வாயைப் பிளந்து தூங்கிக்கொண்டிருக்க, நேந்திரங்காய் சிப்ஸைக் கொறித்தபடி ஹோல்கரே பாதி தமிழும் பாதி இங்கிலீஷுமாகச் சொன்ன கதை. முட்டி போய் ஆட்டத்தை விட்ட பிறகு அவர் உதவிக் கோச்சாகச் சேர்ந்தது ரைனர் என்கிற சிநேகிதனிடம். சும்மா சிநேகிதன் இல்லை, ஹோல்கர் மகளுக்கு ஞானத்தகப்பன். ஒன்றாக ஆடியவர்கள், ஒரே தெருவில் வீடு. ஒரு வருஷம் டீம் தோற்றுக்கொண்டே போனது, ரைனரை வேலையைவிட்டு அனுப்பினார்கள், அடுத்த ஆள் வருகிறவரை நீ நில் என்று ஹோல்கரிடம் சொன்னார்கள். இவர் நின்றார். டீம் பிழைத்துக்கொண்டது. புதுக் கோச் வந்ததும் இவர் பழையபடி பெஞ்சில் போய் உட்கார்ந்துவிட்டார், நாற்காலி வேண்டும் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஆனால் ரைனர் அதற்கப்புறம் இவரோடு பேசவே இல்லை. அந்தத் தெருவில் ஒரு ரொட்டிக்கடை, இவர் உள்ளே நுழைந்தால் அவர் வாங்க வந்ததை வாங்காமலே வெளியே போய்விடுவாராம். மகள் கல்யாணத்துக்கும் வரவில்லை. வருத்தமாக இருக்கிறதா என்று கேட்டேன். "இருக்கு" என்றார். அப்படியானால் ஏன் நின்றீர்கள் என்று கேட்பதற்குள் பஸ் டீக்கடையில் நின்றது, பையன்கள் எழுந்துவிட்டார்கள். அன்றைக்கு அந்தக் கதையைக் கேட்டு ஹோல்கருக்காகத்தான் மனசு வலித்தது. இன்றைக்கு ரைனருக்காக வலிக்கிறது. ஒரு தடவை செய்தவர். சிநேகிதனுக்கே செய்தவர். நான் யார் அவருக்கு, தூத்தூர்க் கடற்கரையில் மணலில் பந்து உதைத்து வளர்ந்த ஒரு பி.டி. வாத்தியார்.

"கோச்." பின்னாலிருந்து குரல். நான் பாதி திரும்பினேன். "உமாபதி வெளிய. ரிஸ்வான் உள்ள." அவ்வளவுதான். ஹோல்கரின் தமிழ் அவ்வளவுதான், அவருடைய வழக்கமும் அவ்வளவுதான், எதையும் ஒரு தடவைதான் சொல்வார், கேட்டால் கேள், கேட்காவிட்டால் அடுத்த வேலையைப் பார்ப்பார், நான் அப்பவே சொன்னேனே என்கிற பேச்சு அந்த வாயில் இதுவரை வந்ததில்லை. இதே வழக்கத்தை நான் எத்தனை பேரிடம் புகழ்ந்திருக்கிறேன். உமாபதி எங்கள் கேப்டன், வியாசர்பாடிக்காரன், நடு டிஃபென்ஸில் நிற்கிறவன், அவன் தலைக்கு மேலே பந்து போகாது. ரிஸ்வான் கரும்புக்கடைப் பையன், காற்றாகப் பறப்பான், ஆனால் பின்னால் திரும்பிப் பார்க்க மாட்டான். தோற்கக் கூடாத ஆட்டத்தில், கோல் எதுவும் விழாமல் சமமாக நிற்கும்போது, டிஃபென்ஸிலிருந்து கேப்டனையே எடுக்கச் சொல்கிறார். காரணம் இல்லாமல் இல்லை, உமாபதி ஏற்கெனவே மஞ்சள் அட்டை வாங்கியிருக்கிறான், இடது காலை இழுத்து இழுத்து நடக்கிறான், அவர்கள் வலது பக்கம் வாசலாகத் திறந்து கிடக்கிறது, ரிஸ்வானை விட்டால் ஜெயித்தாலும் ஜெயிக்கலாம். நேற்று சொல்லியிருந்தால் கண்ணை மூடிக்கொண்டு செய்திருப்பேன். இன்றைக்கு அதே வார்த்தை வேறு மாதிரி கேட்கிறது. கேப்டனை எடுத்து, அப்புறம் ஒரு கோல் விழுந்தால், மேலே உட்கார்ந்திருக்கும் பெரியவர் என்ன சொல்வார்? கேப்டனை எடுத்த கிறுக்கன் பெர்க்மான்ஸ் என்பார். ஹோல்கர் பெயர் எங்கேயும் வராது. வேலை சரியாக நடந்தால் பேர் வராது கோச். ஐயோ, அந்த வாக்கியத்துக்கு இப்படி ஒரு அர்த்தமும் இருக்கிறதா?

நான் கேட்காத மாதிரி நின்றேன். கைகளைக் கட்டிக்கொண்டேன், அவிழ்த்தேன், இடுப்பில் வைத்தேன், இந்தக் கைகளை மனுஷன் எங்கேதான் வைப்பது. பின்னால் ஹோல்கர் சும்மா இருந்தார், ஒரு தடவை சொன்னவர் சொன்னவர்தான். ரிஸ்வான் எழுந்து கோல் போஸ்டுக்குப் பின்னால் ஓடிக் காலைச் சூடாக்கிக்கொண்டிருந்தான், ஒவ்வொரு சுற்றிலும் என்னைப் பார்த்தான், நான் பார்க்கவில்லை. அவர்கள் வலது பக்கம் அப்படியே திறந்து கிடந்தது. நம் ஆள் ஒருவன் அங்கே பந்தோடு போனான், வேகம் போதவில்லை, பந்து வெளியே போயிற்று, கேலரியில் 'ச்ச்' என்று ஒரு சத்தம். ரிஸ்வானாக இருந்தால் என்று நினைத்தேன், நினைத்ததை அமுக்கினேன். எனக்கு என்ன ஆகிவிட்டது? இவர் யார் என்று எனக்குத் தெரியாதா? ஒவ்வொரு ஆட்டத்துக்கும் முந்தின நாள் பயிற்சியில் எதிர் டீமின் கோல்காரனாக வேஷம் கட்டுகிறவர் இவர்தான். அவன் எப்படித் திரும்புவான், எந்தத் தோளைச் சாய்ப்பான், எப்போது தரையில் விழுந்து நடிப்பான், எல்லாவற்றையும் வீடியோவில் பார்த்துவிட்டு வந்து, தேய்ந்துபோன முட்டியை வைத்துக்கொண்டு, அவனாகவே ஓடிக் காட்டுவார், பையன்கள் பிடிக்க வேண்டும். முதல் நாள் ஒருவனாலும் பிடிக்க முடியவில்லை. "தாத்தா டபாய்க்கிறாருடா" என்று உமாபதி புல்லில் உட்கார்ந்து சிரித்தான். இரண்டாம் மாதம் பிடித்தார்கள். தன்னைப் பிடித்தவனை இவர் கட்டிப்பிடித்துத் தூக்கிவிடுவார், தூக்கிவிட்டு முட்டியைத் தேய்த்துக்கொண்டு நொண்டுவார். ஒரு நாளாவது, நான் எங்கள் ஊரில் யாருடைய காலையெல்லாம் நிறுத்தியவன் தெரியுமா என்று சொல்லியிருப்பாரா? பையன்களுக்கு இன்றுவரை பாதி தெரியாது. இப்படிப்பட்ட ஒரு ஆளைப் பற்றி நான் நினைக்கிற நினைப்பு இது. வெட்கமாக இருந்தது. வெட்கம் வந்ததே தவிர சந்தேகம் போகவில்லை, இரண்டும் பக்கத்துப் பக்கத்துச் சீட்டில் உட்கார்ந்துகொண்டன.

மேலே, நிழல் விழுகிற வரிசையில், பெரியவர் வெள்ளை வேட்டியில் உட்கார்ந்திருப்பது தெரிகிறது. பக்கத்தில் வெங்கிடுபதி. வெங்கிடுபதி குனிந்து அவர் காதில் ஏதோ சொல்கிறார், பெரியவர் தலையை ஆட்டுகிறார், சரி என்று ஆட்டுகிறாரா, வேண்டாம் என்று ஆட்டுகிறாரா, கொங்கு நாட்டுத் தலையாட்டலை இன்னும் எனக்குப் படிக்கத் தெரியவில்லை. என் பெயர்தான் பேச்சில் அடிபடும். திங்கட்கிழமை. மகளுக்கு என்ன சொல்வது? மறுபடி பெட்டி, மறுபடி டி.சி., மறுபடி நாகர்கோவில், என்ன பெர்க்மான்ஸ், பெரிய கோச்சாயிட்டேன்னு சொன்னாங்களே என்று பஸ் ஸ்டாண்டிலேயே ஒருவன் பிடித்துக்கொள்வான். கேரளாக்காரர்கள் பக்கம் ஏதோ சலசலப்பு, பலகையைத் தூக்கினார்கள், ஆள் மாற்றுகிறார்கள், கைதட்டல் கேட்டது, நான் கவனிக்கவில்லை, நான் வேட்டியையே பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போதுதான் எனக்குள் ஒரு கெட்ட யோசனை வந்தது, வந்ததும் அது எவ்வளவு வசதியாக இருக்கிறது என்று ஆச்சரியப்பட்டேன். ஹோல்கர் சொன்னதைச் செய்துவிடுவது. ஜெயித்தால் ஜெயித்தேன். தோற்றால், "இது ஹோல்கர் சொன்ன மாத்தம் சார், பெஞ்சில எல்லாப் பயலும் கேட்டான்" என்று வெங்கிடுபதியிடம் சொல்லிவிடலாம். நான் போனால் அவரும் வரட்டும். முழுசாகச் சந்தோஷம்கூட வந்தது. திரும்பி, "ரிஸ்வான்! வா!" என்றேன். பையன் ஒரே ஓட்டமாக வந்தான், வருகிற வேகத்திலேயே மேலே போட்டிருந்த பச்சைப் பனியனைத் தலைவழியாக உருவிவிட்டான். நாலாவது ரெஃப்ரி பலகையில் நம்பரைத் தட்ட ஆரம்பித்தார்.

என் தோளில் ஒரு கை விழுந்தது, கனமான கை. ஹோல்கர் எழுந்து வந்து என் பக்கத்தில் நின்றார். கட்டத்துக்குள் இரண்டு பேர். நாலாவது ரெஃப்ரி உடனே, "ஒன் பர்சன், ஒன் பர்சன், சார் ப்ளீஸ், சிட் டவுன்" என்று கையை ஆட்டினார். இரண்டு வருஷத்தில் ஹோல்கர் இப்படி எழுந்து வந்ததே கிடையாது. "இப்ப வேணாம் கோச்" என்றார். எனக்குப் புரியவில்லை. "நீங்கதான சொன்னீங்க?" "அது அப்ப. இப்ப பாருங்க." விரலை நீட்டினார். நான் பார்த்தேன். எங்கள் கோலுக்கு முன்னால் தென்னைமரம் மாதிரி ஒருவன் நின்றான், கேரளாக்காரர்கள் புதிதாக இறக்கிய கானா நாட்டுக்காரன், நான் வேட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தபோது உள்ளே வந்தவன். "இனி மேல மேல பந்து வரும். உமாபதி போனா யார் குதிக்கிறது?" என்றார். நான் ரிஸ்வானைப் பார்த்தேன். "கோச். உமாபதி வேணும்" என்றார் இன்னொரு தடவை. நாலாவது ரெஃப்ரி, அட்டை கொடுக்கச் சொல்லி மெயின் ரெஃப்ரியைக் கூப்பிடத் தயாரானார். "கேன்சல்" என்றேன். "சாரி சார், கேன்சல்." ஹோல்கர் போய் உட்கார்ந்தார். ரிஸ்வான் பனியனை மறுபடி மாட்டிக்கொண்டு, "என்ன மாஸ்டர், கலட்டுங்கறீங்க மாட்டுங்கறீங்க" என்று முனகியபடி பெஞ்சுக்குப் போனான்.

ஆட்டம் ஓடிக்கொண்டிருந்தது, பந்து மேலே மேலே வந்தது, அவர் சொன்ன மாதிரியே வந்தது, எனக்கு எதுவும் காதில் விழவில்லை. ஒரே ஒரு விஷயம்தான் மண்டைக்குள் சுற்றிச் சுற்றி வந்தது. அவர் சும்மா இருந்திருக்கலாம். வேறொன்றும் செய்ய வேண்டாம், சதி வேண்டாம், பொய் வேண்டாம், பெஞ்சில் உட்கார்ந்து பாட்டில் மூடியைத் திருகிக்கொண்டிருந்தாலே போதும். நானே என் கையால் கேப்டனை வெளியே எடுத்திருப்பேன், அந்த நெட்டை கோல் போட்டிருப்பான், திங்கட்கிழமை கட்டம் அவருடையது. நாற்காலியைத் தட்டில் வைத்து நீட்டிக்கொண்டிருந்தேன். அவர் எழுந்து வந்து, ஒரு தடவைக்கு மேல் சொல்லாத மனுஷன் இரண்டு தடவை சொல்லி, அட்டை வாங்கினாலும் பரவாயில்லை என்று நின்று, தட்டைத் திருப்பி என் கையிலேயே கொடுத்துவிட்டுப் போய் உட்கார்ந்திருக்கிறார். என் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, காற்றில் தூசி என்று துடைத்துக்கொண்டேன். எப்பேர்ப்பட்ட ஆள்! அவரைப் போய் நான் மாட்டிவிடப் பார்த்தேன். வெங்கிடுபதி கேட்டிருப்பார், இவர் முடியாது என்று முகத்தில் அடித்த மாதிரி சொல்லியிருப்பார், பெர்க்மான்ஸ் இருக்கும்போது நானா என்று சொல்லியிருப்பார், எனக்கு அந்தக் காட்சி வசனத்தோடு தெரிந்தது, இலை, ரசம், அப்பளம், எல்லாம் தெரிந்தது.

கடைசியில் ஒரு கார்னர். அவர்களுக்குத்தான். காற்றும் அவர்கள் பக்கம். மேலே வேட்டி எழுந்து நின்றுவிட்டது. பந்து வளைந்து வந்தது, கோல்கீப்பர் வெளியே வந்துவிட்டுப் பாதியில் நின்றான், பாதியில் நிற்கிற கோல்கீப்பரைவிடப் பாவம் இந்த உலகத்தில் யாரும் இல்லை, கானாக்காரன் எழும்பினான், எழும்பிக்கொண்டே போனான், இவ்வளவுதான் பெர்க்மான்ஸ் என்று நினைத்தேன், மாதாவே என்று நினைத்தேன், இழுத்துக்கொண்டிருந்த காலோடு உமாபதி எங்கிருந்தோ அவனுக்கும் மேலே வந்தான். தலையில் பட்ட சத்தம் எனக்கு இங்கே கேட்டது. பந்து கோட்டுக்கு வெளியே, விளம்பரப் பலகைக்கு வெளியே, போலீஸ்காரர் ஒருவரின் மடியில் போய் விழுந்தது. உமாபதி கீழே கிடந்தான், கிடந்தபடியே கையைத் தூக்கிக் காட்டினான். ரெஃப்ரி கடிகாரத்தைப் பார்த்தார், ஊதினார். முடிந்தது. சமம். பையன்கள் அங்கங்கே உட்கார்ந்துவிட்டார்கள், ரிஸ்வான் ஓடிப்போய் உமாபதியைத் தூக்கினான், மேலேயிருந்து வெங்கிடுபதி இரண்டு கையையும் கூப்பி எனக்கு ஒரு கும்பிடு போட்டார், கல்யாண வீட்டில் பந்தி நல்லபடியாக முடிந்தால் போடுகிற கும்பிடு. பெரியவரும் கொஞ்சம் தலையை ஆட்டினார். இது சரி என்கிற ஆட்டல், இது எனக்கே தெரிந்தது.

நான் ஹோல்கரிடம் போனேன். அவர் உட்கார்ந்து முட்டியில் கட்டியிருந்த துணிப்பட்டையை அவிழ்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் உட்கார்ந்தேன். மன்னிப்புக் கேட்க வேண்டும் என்றுதான் வந்தேன், ஆனால் அதற்கு முன்னால் அவர் வாயிலிருந்து அந்த நல்ல வார்த்தையைக் கேட்டுவிட வேண்டும் என்று ஆசையாக இருந்தது. இப்போது கேட்க எனக்குப் பயம் இல்லை.

"ஹோல்கர், மத்தியானம் வெங்கிடுபதி சார் உங்ககிட்ட ஏதாவது கேட்டாரா?"

"கேட்டார்."

"என்ன சொன்னீங்க?"

"சரின்னு சொன்னேன்."

நான் அவரையே பார்த்தேன். அவர் பட்டையைச் சுருட்டிக்கொண்டிருந்தார். சரியா? ஒத்துக்கொண்டாரா? எந்த வசனத்தை வாங்கிக்கொள்ள இரண்டு கையையும் ஏந்திக்கொண்டு வந்தேனோ அது அவரிடம் இல்லவே இல்லை. ரைனருக்குச் செய்தது எனக்கும்தான். "நான் இருக்கும்போதே சரின்னு சொன்னீங்களா?" என்றேன். "தோத்தா நீங்க இல்லன்னு சொன்னாங்க" என்றார், ஒரு கள்ளமும் இல்லாமல், வானிலைச் செய்தி சொல்கிற மாதிரி. "திங்கட்கிழமை காலைல பசங்க வருவாங்க கோச். இருபத்தஞ்சு பேர். கிரவுண்ட்ல யாராவது நிக்கணும்ல?" எனக்குக் கோபம் வந்தது, நிஜமாகவே வந்தது. அந்த ரொட்டிக்கடையில் ரைனர் ஒரு தடவை நின்று கேட்டிருந்தால் இந்தப் பதிலைத்தான் இவர் சொல்லியிருப்பார், இதே முகத்தோடு, இவ்வளவு சுருக்கமாக. அந்தப் பதிலோடு சமாதானம் ஆவதா வேண்டாமா என்று ரைனர் முடிவு செய்திருக்கலாம், ஆனால் கேட்கவே இல்லை. மைதானத்தில் பையன்கள் உமாபதியைத் தோளில் தாங்கிக் கூட்டிக்கொண்டு வந்துகொண்டிருந்தார்கள். எனக்கு இன்னும் ஒன்று விளங்கவில்லை. விளங்காமல் எழுந்து போக முடியாது.

"அப்படின்னா அப்ப எதுக்கு எழுந்து வந்தீங்க? சும்மா உக்காந்திருந்தா திங்கட்கிழமை நாற்காலி உங்களுக்குத்தான?"

ஹோல்கர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். நான் ஏதோ சின்னப் பிள்ளை கேட்கிற கேள்வியைக் கேட்டுவிட்ட மாதிரி இருந்தது அந்தப் பார்வை.

"இன்னைக்கு சனிக்கிழமை கோச்" என்றார்.